புடையன் கடியும் ஒரு கண்ணாடிக் குழாயும்

“பாம்பு கடித்தவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், உடனே மருந்து ஏற்றாமல் இரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, ஏன்?” என்று முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மாரி பிறந்தால் வன்னி வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இது பழகிய வேலை. புற்றும் எலிவளையும் நிரம்ப, பாம்பு மேடு தேடி வரம்புக்கு ஏறுகிறது. நாங்களும் அதே வரம்பில்தான் வெறுங்காலோடு நடக்கிறோம். காலபோக அறுவடை முடியும்வரை இது ஓயாது.

சோதனை மிகச் சின்னது. நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் குருதியை எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருதரம் சரித்துப் பார்ப்பார்கள். கட்டிபட்டு நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீராய் வழிந்தால் புடையனின், அதாவது கண்ணாடி விரியனின், நஞ்சு உள்ளே வேலை செய்திருக்கிறது. மின்சாரமும் ஆய்வுகூடமும் தேவையில்லை. 2018 டிசெம்பர் வெள்ளம் போல ஒன்று வந்து பாதைகளை மூடினாலும் இதைச் செய்யலாம்.

குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பின் மறை மின்னேற்றம் பட்டதும், குருதியை உறையவைக்கும் புரதங்களில் ஒன்றான பன்னிரண்டாம் உறைதற் காரணி விழிக்கிறது. அது அடுத்ததை எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, கடைசியில் துரொம்பின் என்ற நொதியம் உண்டாகி, குருதியில் கரைந்திருந்த பைபிரினோஜன் என்ற புரதத்தை நாராக்கி வலை பின்னுகிறது. பிளாஸ்டிக் குழாய் இந்த வரிசையைச் சரியாகத் தூண்டாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் நல்ல குருதியே உறையாமல் கிடக்கும். தேவையில்லாதவருக்கு மருந்து ஏறிவிடும்.

இத்தனைக்கும் புடையனின் நஞ்சு குருதியை உறையவைக்கிற நஞ்சு! அதன் நொதியங்கள் ஐந்தாம், பத்தாம் காரணிகளை நேரே தட்டியெழுப்ப, உடம்பெங்கும் துரொம்பின் பெருகி, பைபிரினோஜன் வீணாய் நாராகிறது. அந்த நாரை உடம்பே கரைத்தும்விடுகிறது. விதைப்புக்கு முன்பே துருசைத் திறந்து குளத்தை வற்றவிட்டால், கதிர் பறியும் நேரம் தண்ணீருக்கு எங்கே போவது? குழாயில் கண்ணாடி கூப்பிடுகிறது, வலை பின்னப் பொருள் மிச்சமில்லை.

உறையாவிட்டால் நஞ்சுமுறி மருந்து. வழமையான முதல் அளவு 20 குப்பி. ஒவ்வொன்றின் தூளையும் 10 மில்லிலீற்றர் நீரில் கரைப்பார்கள். குலுக்கினால் நுரைத்துவிடும், மெல்லச் சுழற்ற வேண்டும். சேலைனோடு ஒரு மணித்தியாலமளவில் ஏற்றுவார்கள். பிள்ளைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. இது குதிரையின் குருதியில் எடுத்த மருந்து என்பதால் மூச்சிறைப்பும் குருதியமுக்க வீழ்ச்சியும் வரலாம். ஆதலால் முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் போடுவார்கள். சும்மா ஏற்றிவிடாமல் 20 நிமிடம் பொறுப்பது இந்த ஆபத்துகளுக்காகத்தான். காரணிகளை ஈரல் மறுபடி செய்ய ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் பிடிக்கும். அதன் பிறகே குழாயை மறுபடி வைப்பார்கள். ஒரு கடி, ஒரு கட்டில், ஒரு முழு நாள். அடைமழையில் நான்கு பேர் சேர்ந்து வந்தால் தாதியரின் பாடு சொல்லத் தேவையில்லை.

இந்த மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது. எங்கள் புடையனின் நஞ்சு அதிலிருந்து சற்று வேறு; கண்ணிமையையும் சரியவைக்கும். இங்குள்ள பாம்புக்கு இங்கேயே மருந்து செய்யும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதில் இன்னும் என்ன யோசனை?

நஞ்சை உறிஞ்சும் என்று கடிவாயில் விசக்கல் வைத்துப் பிழைத்தவர்களைக் காட்டுவார்கள். நஞ்சு இறங்காத கடியும் உண்டு, கல்லுக்குப் பேர் அப்படித்தான் கிடைக்கிறது. கடிவாயைக் கீறுவது அதைவிட மோசம்: உறையாத குருதி அந்தக் கீறலால் நிற்காமல் ஓடும்.

இன்னொன்று. எண்ணெய் விரியனின் (கட்டு விரியனின்) நஞ்சு நரம்பைத்தான் தாக்கும்; அது கடித்தால் குருதி ஒழுங்காக உறையும், நோவும் பெரிதாக இராது. பாயில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுக்குத்தென்று எழும்பி, இமை தூக்க முடியாமல் இருந்தால், குழாய் என்ன சொன்னாலும் விடுதியில் மறித்துத்தான் வைப்பார்கள்.