லக்மான்: சொல் விளக்கம்

மத்திய ஆசியாவில் பிஷ்கெக், அல்மாட்டி, தாஷ்கண்ட் பக்கம் சாப்பாட்டுக் கடைகளில் தவறாமல் கிடைக்கும் பண்டம் லக்மான். ஆழமான கிண்ணத்தில் கையால் இழுத்த கோதுமை நூடுல்ஸ் போட்டு, அதன்மேல் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ, குடைமிளகாய், முள்ளங்கி, தக்காளி எல்லாம் சேர்ந்த குழம்பை ஊற்றித் தருவார்கள். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் அடுத்த வேளைக்குப் பசிக்காது. இதை ‘மத்திய ஆசிய பீஃப் நூடுல்ஸ்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் லக்மான் என்ற சொல்லுக்குள் மாடும் இல்லை, காயும் இல்லை. மாவை என்ன செய்தார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது.

சீன மொழியில் ‘லா’ என்றால் இழு. ‘மியென்’ என்றால் கோதுமை மாவு, அந்த மாவில் செய்த நூடுல்ஸ். இரண்டும் சேர்ந்து லாமியென், அதாவது இழுத்துச் செய்தது. சீனாவின் வடமேற்கிலுள்ள சின்ஜியாங்கில் வாழும் உய்குர் மக்கள் வாயில் அது லெக்மென் ஆனது. 1877-78 குளிர்காலத்தில் துங்கான்கள் எனப்படும் சீன மொழி பேசும் முஸ்லிம்கள் சீனாவிலிருந்து தியான்ஷான் மலையைத் தாண்டி ரஷ்யப் பேரரசின் எல்லைக்குள் வந்தார்கள். இலி பள்ளத்தாக்கை ரஷ்யா சீனாவிடம் திருப்பிக் கொடுத்த 1881 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து உய்குர்கள் பெருந்திரளாக வந்தார்கள். இன்றைய கிர்கிஸ்தானிலும் கசகஸ்தானிலும் இந்தச் சமையல் வேர்விட்டதில் இவர்கள் பங்கு பெரிது. உஸ்பெக்கியர் லக்மோன் என்பார்கள். ரஷ்ய எழுத்து வழியாக உலகுக்குத் தெரிந்த வடிவம் லக்மான். அதே லாமியென் கிழக்கே ஜப்பானுக்குப் போய் ராமென் ஆனது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இது இரவல் சொல் என்பதை அதன் முதல் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. உய்குர், கிர்கிஸ், உஸ்பெக் எல்லாம் அடங்கிய துருக்கிய மொழிகளில் சொந்தச் சொற்கள் ல, ர ஒலிகளில் தொடங்குவதில்லை. கேட்ட மாதிரி இருக்கிறதா? தமிழிலும் அதே கதைதான். லகரத்துக்கு முன் இகரமோ உகரமோ வரும் என்று நன்னூல் விதியே உண்டு; இலாபம், உலோகம் எல்லாம் அப்படி வந்தவை. ரஷ்யரைக் கிர்கிஸ்காரர்கள் ‘ஒருஸ்’ என்கிறார்கள், நம் தமிழாசிரியர்கள் ‘உருசியர்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் லக்மானுக்கு அவர்கள் முன்னால் எதையும் ஒட்டவில்லை. வந்தபடியே வைத்துக்கொண்டார்கள்.

மேலே ஊற்றும் குழம்புக்கு உய்குர் மொழியில் தனிப் பெயர் உண்டு: ‘ஸெய்’. இதுவும் சீனச் சொல்தான். மூலமான ‘ட்ஸாய்’ காய்கறியையும் குறிக்கும், சமைத்த பதார்த்தத்தையும் குறிக்கும். நம் ‘கறி’ இதைவிடப் பொல்லாதது. சங்கப் பாட்டில் மிளகு, யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காய்க் கறி, மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலை ‘கறி எடுத்தாச்சா’ என்றால் இறைச்சி. ஆகவே ஸெய் என்பதற்குக் ‘கறி’ என்பதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை.

இழுப்பது எப்படி என்று பார்த்தால்தான் பெயர் முழுதாகப் புரியும். நாலு பேருக்கு அரை கிலோ மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, சுமார் 250 மில்லி தண்ணீர். உப்பு ருசிக்கு மட்டுமல்ல, மாவின் குளூட்டன் வலையை அது இறுக்கும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, மூடி, அரைமணி நேரம் விட வேண்டும். பிறகு மாவை விரல் பருமன் கயிறாக உருட்டி, எண்ணெய் தடவிய தட்டில் நத்தை ஓடு போலச் சுற்றி, இன்னும் ஒரு மணி நேரம். இந்தக் காத்திருப்பைக் குறைத்தால் வேலை கெட்டது: இழுக்க இழுக்க மாவு பின்வாங்கும், மீறினால் அறும். பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை எண்ணெயில் ஊறப் போடுவதும் இதற்காகத்தான். ஊறிய கயிற்றை விரல்களுக்கிடையில் விட்டு மெல்ல நீட்டி, இரண்டு கையிலும் நூல்கண்டு மாதிரி சுற்றி, பலகையில் படீரென்று அடித்து இழுத்தால் பென்சிலைவிட மெலிந்த இழை வரும். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, கொஞ்சம் எண்ணெய் புரட்டி வைத்தால் ஒட்டாது.

கறிக்கு 400 கிராம் மாட்டிறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நல்ல சூட்டில் நீர் வற்றிச் சிவக்கும்வரை வதக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் முற்றின கறி. முதலில் குக்கரில் நாலு விசில் விட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் வெங்காயம், பூண்டு, தக்காளி, முள்ளங்கி, கேரட், பீன்ஸ், ஒரு அன்னாசிப்பூ, அரை லிட்டர் தண்ணீர். குடைமிளகாய் கடைசியில்தான். காய் குழைந்தால் அது லக்மான் இல்லை, நம் வீட்டுக் குழம்பு.

சரி, தமிழில் என்னவென்று சொல்வது? இடியாப்பம், சேவை என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அவை அரிசி மாவைப் பிழிந்து எடுப்பவை. சேமியா கடையில் உலர்த்தி விற்பது. ‘இழுப்பு நூடுல்ஸ்’ என்றால் மூச்சிரைப்பு நோய் ஞாபகம் வரும். நூடுல்ஸ் என்பதும் ஜெர்மன் ‘நூடல்’ ஆங்கிலம் வழி வந்ததுதான், ஆனால் தமிழில் நன்றாக ஊறிவிட்டது. கட்டாயம் தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் மா, இழை இரண்டையும் சேர்த்து ‘மாவிழை’ என்பேன். ‘கையால் இழுத்த மாவிழை’ என்றால் லாமியென்னின் பொருள் அப்படியே வந்துவிடும். பண்டத்தின் பெயரை மட்டும் லக்மான் என்றே விடலாம். இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லையே.

லக்மானை உஸ்பெக்கிஸ்தானில் வறுத்தும் எடுப்பார்கள். அதன் பெயர் கொவுர்மா லக்மான். ‘வறு’ என்று பொருள்படும் துருக்கிய வினையிலிருந்து வந்த அந்தக் கொவுர்மாதான் உருது வழியாகக் கோர்மாவாகி, நம் பரோட்டாக் கடையில் குருமா ஆனது. தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றும் நம் குருமாவில் அந்த வறுவல் அவ்வளவாக மிச்சமில்லை. அங்கே இன்னும் அதேதான்: மாவிழையையும் கறியையும் பெரிய தீயில் ஒன்றாகப் புரட்டி, மேலே ஆம்லெட்டை மெல்லிய நாடாவாக நறுக்கித் தூவிக் கொடுப்பார்கள்.