சேற்றுக்குள் துழாவும் அலகு

கடலோர ஈரநிலக் காப்பகங்களில் ஒரு நாள் முழுக்கப் பறவை பார்த்துவிட்டு வந்த வாசகர் கேட்டிருக்கிறார்: "உள்ளான்கள் ஓயாமல் சேற்றைக் குத்துகின்றன. இரை இருக்கும் இடம் தெரிந்துதான் குத்துகின்றனவா, குத்துமதிப்பாகவா?"

உயர் ஓதத்தில் கரையோரம் கூட்டமாக ஒதுங்கி நிற்கும் பறவைகள், நீர் வடிய வடியச் சேற்றுவெளிக்குப் பரவுவதை அவர் பார்த்திருப்பார். உப்புக்கொத்திகள் பெரிய கண்களை நம்பி வாழ்பவை. நாலடி ஓடி, நின்று, பார்த்து, கொத்தும். உள்ளான்களும் மூக்கன்களும் கண்ணுக்கே தெரியாத இரையைத் தேடுபவை. அவற்றுள் ரெட் நாட் என்ற உள்ளான் செய்வதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

மண்ணுக்குள் மூடிக் கிடக்கும் சிறு சிப்பிகள்தான் இதன் முக்கிய உணவு. நகராத, சத்தமிடாத சிப்பியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தியூனிஸ் பியர்ஸ்மா தலைமையிலான நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிப்பிக்குப் பதிலாகக் கற்களை மணலில் புதைத்துப் பார்த்தார்கள். கல்லுக்கு உயிர் இல்லை. அசைவோ, இரையின் வாசனையோ இல்லை. ஆனாலும் பழக்கப்படுத்திய பறவைகள் ஈர மணலில் கல் இருப்பதைச் சரியாகச் சொல்லின. காய்ந்த மணலில் அவற்றால் முடியவில்லை. ஆகவே துப்பு நீரில்தான் இருக்கிறது.

1998இல் அவர்கள் வெளியிட்ட விளக்கம் இது. ஈர மணலில் துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளை நீர் நிரப்பியிருக்கிறது. அலகு சட்டென்று இறங்கும்போது அந்த நீர் தள்ளப்பட்டு அழுத்தம் சுற்றிலும் பரவுகிறது. வெறும் மணலாக இருந்தால் நீர் இடுக்குகள் வழியே ஒழுகிவிடும். நடுவில் ஒரு சிப்பி கிடந்தால் நீர் அதற்குள் புக முடியாது. அங்கே அழுத்தம் மாறுபடுகிறது. பறவை சிப்பியைத் தொடவே வேண்டாம், அந்த மாறுபாடு அலகுக்கு எட்டினால் போதும். விடாமல் குத்துவதும் வீண் வேலை அன்று. ஒவ்வொரு குத்தும் ஒரு புதிய அழுத்த அலையை அனுப்புகிறது.

அதைப் படிக்கும் கருவி அலகின் நுனியில் இருக்கிறது. அங்குள்ள எலும்பில் நுண்குழிகள். குழிகளுக்குள் ஹெர்ப்ஸ்ட் உணர்வு நுண்ணுறுப்புகள் கொத்துக் கொத்தாக அடைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வெங்காயம்போல அடுக்கடுக்கானது. மிக நுண்ணிய அழுத்த மாற்றத்தையும் அதிர்வையும் நரம்புக்குக் கடத்துவது. நியூசிலாந்தின் கிவிக்கும் அரிவாள் மூக்கன்களுக்கும்கூட இத்தகைய அலகு நுனி உண்டு.

மணலில் கல்லைப் புதைத்துப் பறவையைத் தேடவிடுவதற்குப் பணம் கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பயன் தெரிந்த ஆராய்ச்சிக்கு மட்டுமே நிதி என்று இருந்திருந்தால், இப்படி ஒரு புலன் இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. நீர் ஊறிய சேறு இந்தப் பறவைகளுக்கு உணவுத் தட்டு மட்டுமன்று, உணரும் கருவியில் பாதியும் அதுவே. தென் கொரியாவில் சேமாங்கும் என்ற சேற்றுவெளியைத் தரிசு என்று கருதி, 2006இல் 33 கிலோமீட்டர் நீளச் சுவரால் கடலிலிருந்து துண்டித்தார்கள். அங்கே இளைப்பாறி இரை தேடிவந்த, ரெட் நாட்டின் உறவான கிரேட் நாட் என்ற உள்ளான்கள் பல்லாயிரக்கணக்கில் குறைந்துபோயின. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான்.

சிப்பியைக் கண்டுபிடித்த பிறகு? மேல் அலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறக்க இந்தப் பறவைகளால் முடியும். முழு வாயையும் சேற்றுக்குள் பிளக்கத் தேவையில்லை. ரெட் நாட் சிப்பியை ஓட்டோடு விழுங்குகிறது. தசை வலுத்த அரைவைப் பையில் ஓடு நொறுங்குகிறது. நெடும்பயணத்துக்கு முன் அந்தப் பை சிறுத்துவிடும், சுமை குறையும். அதனால் வந்து இறங்கிய முதல் சில நாட்களுக்குத் தடித்த ஓடுகளை அரைக்கும் வலு அதற்கு இருப்பதில்லை. பை மீண்டும் பெருக்கும்வரை மெல்லிய ஓடும் நிறையச் சதையும் உள்ள இரையாகப் பார்த்துத் தேடுகிறது.