பேக்கப் ஓடுகிறது, சரி. உள்ளே என்ன இருக்கிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து போன வாரம் வந்த போன் புதிதல்ல. ஏரியாவும் ஆளும்தான் மாறும். மழையில் கரன்ட் போய்ப் போய் வந்திருக்கிறது, யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷினில் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) சர்வரில் எஸ்எஸ்டி போய்விட்டது. "பரவாயில்ல சார், பேக்கப் இருக்கு. தினமும் டாஸ்க் ஓகேன்னு மெயில் வருது" என்றார் அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. புது எஸ்எஸ்டி போட்டு ரீஸ்டோரும் செய்துவிட்டார். கன்டெய்னர் (அதற்குள் ஓடும் குட்டி சர்வர்) எழுந்தது, லாகின் பக்கமும் வந்தது. பில்லிங் டேட்டா மட்டும் இல்லை.

தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் எல்எக்ஸ்சி வகை கன்டெய்னரை பேக்கப் எடுத்தால் அதன் சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க் கட்டாயம் வரும். நீங்கள் தனியாகச் சேர்த்த மவுண்ட் பாயின்ட், அதாவது கூடுதல் டிஸ்க், தானாக வராது. அதன் செட்டிங்கில் 'பேக்கப்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால்தான் வரும். நீங்கள் போடாதவரை அந்தக் கட்டம் காலிதான். ஹோஸ்டில் (அடியில் இருக்கும் நிஜ சர்வரில்) உள்ள ஃபோல்டரை அப்படியே உள்ளே காட்டும் பைண்ட் மவுண்டாகக் கொடுத்திருந்தால் எப்போதும் வராது. அதற்குத் தனியாகத்தான் பேக்கப் எடுக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் (தனி ஓஎஸ்ஸோடு ஓடும் முழு கணினி போன்றது) கதை நேர் எதிர்: அங்கே நீங்கள் விலக்காத டிஸ்க் எல்லாம் சேர்ந்துவிடும். அதில் பழகிய கை கன்டெய்னரிலும் அப்படியே என்று நினைத்துவிடுகிறது. 'டாஸ்க் ஓகே' என்றால் சொன்ன வேலையை முடித்தேன் என்று பொருள். உங்கள் டேட்டா பத்திரம் என்று அது சொல்லவே இல்லை. விட்டுவிட்டதை லாக்கில் 'எக்ஸ்க்ளூடிங்' என்று ஒவ்வொரு இரவும் எழுதத்தான் செய்கிறது. யார் படிக்கிறார்கள்?

இதைவிட வயிறு எரிந்த விஷயம், பில்லிங் டேட்டா இருந்த அந்த மவுண்ட் பாயின்ட் டிஸ்க் உயிரோடுதான் இருந்தது! போனது ரூட் இருந்த எஸ்எஸ்டி மட்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் அந்தக் கன்டெய்னரின் பக்கத்துக்குப் போய், அங்கிருக்கும் பேக்கப் பட்டியலில் ரீஸ்டோரை அழுத்தினால் அதே நம்பருள்ள பழைய கன்டெய்னரின் மேல்தான் விழும். இப்போதுள்ள டேட்டா நிரந்தரமாக அழியும், மவுண்ட் பாயின்ட் வால்யூம்களும் சேர்ந்து அழியும் என்று திரையிலேயே எச்சரிக்கை வரும். பதற்றத்தில் 'எஸ்' அழுத்தியாகிவிட்டது.

ரெய்டு (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் எழுதுவது) இருக்கிறதே என்பவர்களுக்கு: நீங்கள் அழித்ததை ரெய்டு இரண்டு டிஸ்கிலும் ஒழுங்காக அழிக்கும். ஸ்னாப்ஷாட் (ஒரு நொடியின் நிலையைப் பிடித்து வைப்பது) அதே பூலில், அதாவது அதே டிஸ்க் தொகுப்பில், கிடக்கிறது, பூல் போனால் அதுவும் போகும். அவ்வளவுதான்.

சின்ன கம்பெனிக்குத்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறது என்று தேடினால், டம்ப் (டேட்டாபேஸை ஃபைலாக எடுக்கும் நகல்) ஃபெயில் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

ஸ்டோரேஜ் போனால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்யாதீர்கள், பழைய கன்டெய்னரை அழிக்காதீர்கள். பேக்கப் இருக்கும் ஸ்டோரேஜின் பட்டியலுக்குப் போய், புது நம்பர் கொடுத்து, வேறு டிஸ்கில் ரீஸ்டோர் செய்யுங்கள். நெட்வொர்க்கைத் துண்டித்தே ஸ்டார்ட் செய்யுங்கள், பழையது ஓடிக்கொண்டிருந்தால் ஐபி மோதும். டேட்டாபேஸைத் திறந்து கடைசி பில் எந்தத் தேதி என்று பார்க்கும்வரை யாருக்கும் 'ரெடி' என்று சொல்லாதீர்கள்.

ஓடும் டேட்டாபேஸை ஸ்னாப்ஷாட் முறையில் பேக்கப் எடுத்தால், திடீரென்று கரன்ட் போனால் டேட்டாபேஸ் எப்படி இருக்குமோ அந்த நிலைதான் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸுக்குத் தனி டம்ப்பும் வேண்டும். பேக்கப்பை என்க்ரிப்ட் செய்தால் அதன் சாவி அதே சர்வரில்தான் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு காப்பி வெளியே வையுங்கள், இல்லையென்றால் பூட்டிய பீரோவை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ரீஸ்டோர் செய்து பாருங்கள். அப்புறம், அந்த யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள், ப்ளீஸ்.

இன்றே நேற்றைய பேக்கப் லாக்கைத் திறந்து 'எக்ஸ்க்ளூடிங்' என்று தேடுங்கள். வந்தால், எந்த மவுண்ட் என்று பார்த்து டிக் போட்டு (பைண்ட் மவுண்ட் என்றால் தனி பேக்கப்தான்), இரவு வரை காத்திராமல் கையோடு ஒரு பேக்கப் ஓட்டுங்கள். பழைய பேக்கப் எதிலும் அந்த டேட்டா இருக்காது.