காதும் கண்ணும் பழகும் விதம்

முதன்முறையாக ஓர் இசை நிகழ்ச்சிக்கோ நாட்டியத்துக்கோ போய்விட்டு வருகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒண்ணும் புரியலை." தனக்கு ரசனை போதாது என்று முடிவுகட்டி, அடுத்த முறை அழைத்தால் நழுவிவிடுவார்கள். ஆனால் அரங்கில் திணறியது ரசனை இல்லை, நினைவாற்றல்.

நொடிக்கு நொடி வந்துகொண்டிருப்பதைப் பிடித்துவைக்கும் செயல்படு நினைவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு துணுக்குகள் அதில் தங்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை நான்காகக் குறைத்தார். எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லை. துணுக்கின் அளவைப் பெரிதாக்கலாம். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட சதுரங்க ஆய்வு இதைக் காட்டியது. உண்மையான ஓர் ஆட்டத்தின் இடையில் காய்கள் நிற்கும் நிலையைச் சில நொடிகள் பார்த்துவிட்டு, தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் திரும்ப வைத்துவிடுவார். காய்களைத் தாறுமாறாக இறைத்துவைத்தால் அவரும் புதியவரைப் போலத்தான் தடுமாறுவார். அவருடைய நினைவு பெரிதல்ல. ஐந்தாறு காய்கள் சேர்ந்த அமைப்பு அவருக்கு ஒற்றைத் துணுக்கு. இசையிலும் அதேதான். பழகாத காது இருபது சுரங்களைத் துரத்தி ஓடும்போது, பழகிய காது இரண்டு சொற்றொடர்களைக் கேட்டுவிட்டு, மூன்றாவதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்.

அந்த எதிர்பார்ப்பில்தான் இன்பமே இருக்கிறது. கேட்பவரைச் சிலிர்க்கவைக்கும் இசையை ஒலிக்கவிட்டு, வலோரி சலிம்பூர் குழுவினர் 2011இல் மூளையை ஆராய்ந்தார்கள். உச்சக்கட்டத்துக்கு முன்பே, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலேயே, மூளையின் ஒரு பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது. உச்சம் வந்தபோது வேறொரு பகுதியில் சுரந்தது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கத் தெரியாதவருக்கு முதல் பங்கு கிடைப்பதில்லை. ஊகம் இல்லாததால் அது பொய்க்கும்போது வரும் வியப்பும் இல்லை.

ஆகவே வேலை அரங்குக்குப் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நிகழ்ச்சி நிரல் முழுவதையும் படித்துக் களைத்துப்போக வேண்டாம். ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, முந்தைய வாரத்தில் மூன்று நான்கு முறை, வெவ்வேறு நாட்களில் கேளுங்கள். அதன் முக்கிய மெட்டை வாய்விட்டு முணுமுணுக்க வர வேண்டும், தாளத்தைக் கையால் தட்ட வர வேண்டும், அது போதும். நாடகமென்றால் கதைச் சுருக்கத்தைத் தெரிந்துகொண்டு போவதில் தவறில்லை. அடுத்து என்ன என்ற கவலை நீங்கினால் நடிப்பையும் ஒளியமைப்பையும் கவனிக்க மூளைக்கு இடம் கிடைக்கும்.

நாட்டியத்துக்கு இன்னொரு வழி உண்டு. ஓர் அடிப்படை அசைவையாவது, எவ்வளவு கோணலாக வந்தாலும், நீங்களே செய்து பாருங்கள். பியட்ரிஸ் கால்வோ-மெரினோவின் குழு 2005, 2006 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு அடிப்படை. பாலே ஆடுபவர்கள் பாலேயைப் பார்க்கும்போதும், பிரேசிலின் தற்காப்பு ஆட்டமான கப்போய்ராவின் கலைஞர்கள் கப்போய்ராவைப் பார்க்கும்போதும் மூளையில் உடலசைவை இயக்கும் பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொண்டன. பாலேயில் ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனி அசைவுகள் உண்டு. ஒன்றாகப் பயிற்சி செய்வதால் இரு தரப்பும் மற்றவர் அசைவுகளை நிறையப் பார்த்திருப்பார்கள், ஆனால் ஆடியிருக்க மாட்டார்கள். இருந்தும், தாங்கள் ஆடிப் பழகிய அசைவுகளுக்குத்தான் மூளை அதிகமாக அசைந்துகொடுத்தது. பார்த்துப் பழகுவதற்கும் செய்து பழகுவதற்கும் இவ்வளவு வேறுபாடு.

இருக்கையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பாதி ஏமாற்றங்கள் அங்கேதான் தொடங்குகின்றன என்பது என் கருத்து. ஒலிபெருக்கி இல்லாத இசையில், மேடையிலிருந்து நேராக வரும் ஒலியோடு சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் காதில் சேருகிறது. சுமார் 80 மில்லிநொடிக்குள் வந்துசேரும் எதிரொலிகளைக் காது தனியாகப் பிரிப்பதில்லை. நேரொலியோடு கலந்து தெளிவைக் கூட்டுகின்றன. அதற்குப் பிறகு வருபவை அரங்கு நிறைந்த கார்வையாகக் கேட்கும். முதல் வரிசையில் நேரொலி மிகுந்து, பக்கத்திலிருக்கும் வாத்தியம் மற்றவற்றை விழுங்கிவிடும். பின்புறம், மேல்மாடத்துக்கு அடியில் ஆழமாக உட்கார்ந்தால் மேலிருந்து வரும் எதிரொலிகள் தடைபட்டு இசை வறண்டு கேட்கும். தரைத்தளம் சரிவில்லாமல் இருந்தால் இன்னொரு சிக்கல்: இருக்கை வரிசைகளை உரசிக்கொண்டு வரும் ஒலியில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான கீழ்த்தொனிகள் தேய்ந்துபோகும்.

இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி வைத்த அரங்கில் கணக்கு வேறு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. ஒரு பெட்டி உங்களுக்கு மூன்று மீட்டர் நெருக்கம் என்றால் அதன் ஒலி சுமார் 9 மில்லிநொடி முந்தி வரும். முந்தி வந்த திசையையே ஒலி பிறக்கும் இடம் என்று மூளை எடுத்துக்கொள்ளும். பாடகர் மேடை நடுவில் நிற்பார், குரல் மட்டும் வலது மூலையிலிருந்து வரும். நடுக்கோட்டுக்கு அருகே, அரங்கின் ஆழத்தில் பாதியிலோ மூன்றில் இரண்டு பங்கிலோ உட்காருவது பெரும்பாலும் சரியாக இருக்கும். குழு நடனத்துக்கு உயரமான இருக்கை நல்லது. முன்வரிசையிலிருந்து பார்த்தால் முகங்கள் தெரியும், கோலம் தெரியாது.

நிகழ்ச்சி தொடங்கியபின் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கவனம் அப்படி வேலை செய்வதில்லை. பந்து கைமாறுவதை எண்ணச் சொல்லிவிட்டு, ஆட்டத்தின் நடுவே கொரில்லா வேடமிட்டவரை நடக்கவிட்ட 1999ஆம் ஆண்டுச் சோதனையில் ஏறக்குறைய பாதிப்பேர் கொரில்லாவைக் காணவே இல்லை. இந்தக் குறையை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். முதல் பகுதியில் மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் வாத்தியத்தை மட்டும் தொடருங்கள். அடுத்ததில், இடைவெளி விழும் இடங்கள். நாடகத்தில், பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரை ஒரு காட்சி முழுக்கப் பாருங்கள். நடிகரின் தரம் அங்கேதான் வெளிப்படும்.

இசையில் ஐந்து நிமிடமாவது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். 2013இல் சியா-ஜங் சாய் வெளியிட்ட ஆய்வில், செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றிலிருந்து சிறு துண்டுகளைக் கொடுத்து, வென்றவர் யார் என்று கேட்டார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களின் விடை குருட்டாம்போக்கில் சொன்னதைவிடச் சிறப்பாக இல்லை. ஒலியில்லாத காட்சியைப் பார்த்தவர்கள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. கண் கொடுக்கும் தீர்ப்பை நாம் காதின் தீர்ப்பு என்று நம்பிக்கொள்கிறோம்.

செல்பேசியை அணைப்பது மரியாதைக்காக மட்டுமல்ல. லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட அருங்காட்சியகச் சோதனையில், வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படமெடுத்த பொருட்களே மாணவர்களின் நினைவில் குறைவாக நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. கருவி பார்த்துக்கொள்ளும் என்றால் மூளை ஒதுங்கிக்கொள்கிறது.

நிகழ்ச்சி முடிந்தபின் செய்வதுதான் கற்றலின் பெரும்பகுதி. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் உரைப்பகுதிகளை வைத்துச் செய்த சோதனையில், மீண்டும் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். எனவே அன்றிரவே, நிரல் தாளைப் புரட்டாமல், நினைவில் நிற்பதை வரிசையாக எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். முதலில் தொடக்கத்தையும் நடுப்பகுதியையும் எழுதுங்கள். உச்சமும் முடிவும் தாமாகவே நிற்கும், மற்றவற்றை மறைத்தும்விடும். பதிவு கிடைத்தால் அதை எழுதியபின் கேளுங்கள். எங்கே தவறினோம் என்று அப்போதுதான் தெரியும்.

என்ன எழுதுவது என்பதில் எச்சரிக்கை தேவை. பிடித்ததா, ஏன் பிடித்தது என்று தொடங்கினால் கெட்டது. டிமதி வில்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஓவியச் சுவரொட்டிகளையும் வேடிக்கைச் சுவரொட்டிகளையும் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். விருப்பத்துக்குக் காரணம் எழுதிய குழுவில் வேடிக்கைச் சுவரொட்டிகளை எடுத்தவர்கள் அதிகம். சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது அவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. வேடிக்கைக்குக் காரணம் சொல்வது எளிது, ஓவியத்தின் ஈர்ப்புக்குச் சொல் கிடைப்பது கடினம். சொல்ல வந்த காரணமே விருப்பமாகிவிட்டது. பார்த்துப் பழகியும் அதற்கான சொற்கள் கைவராத நிலையில் இந்த ஆபத்து அதிகம். அதனால் முதல் நாள் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "இரண்டாம் முறை வந்தபோது மெட்டு வேகம் குறைந்தது, தாளம் நின்றது, குரல் மட்டும் தொடர்ந்தது." தீர்ப்பை ஓரிரு நாட்கள் கழித்து, வேறு பக்கத்தில் எழுதலாம். கைதட்டலின் நீளத்தை அதில் சேர்க்க வேண்டாம். அது பக்கத்திலிருப்பவரைப் பார்த்துத் தொற்றுவது.

பிறகு அதே படைப்பை வேறொரு குழு நிகழ்த்தும்போது போங்கள். ஐந்து புதிய நிகழ்ச்சிகளைவிட இது அதிகம் கற்றுத்தரும். படைப்புக்கு உரியது எது, கலைஞர் சேர்த்தது எது என்று பிரித்தறிய வேறு குறுக்குவழி இல்லை. அடிக்கடி பார்த்தால் எதுவும் பிடித்துப்போகும், அதை ரசனை என்று சொல்ல முடியுமா என்று கேட்கலாம். பழகப் பழக விருப்பம் கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இலேயே காட்டியிருக்கிறார். ஆனால் 2013இல் ஆரன் மெஸ்கின் குழுவினர் விமர்சகர்கள் மட்டமானவை என்று ஒதுக்கும் தாமஸ் கின்கேடின் ஓவியங்களையும், அவர்கள் மதிக்கும் ஜான் எவரெட் மில்லேயின் ஓவியங்களையும் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதிகமுறை பார்க்கக் கிடைத்த கின்கேடின் ஓவியங்கள் மீது விருப்பம் குறைந்தது; மில்லேயின் ஓவியங்களுக்கு அப்படி நேரவில்லை. உங்கள் குறிப்புகளிலும் இது தெரியும்: சில படைப்புகளுக்கு மூன்றாம் முறையும் பக்கம் நிரம்பும், சிலவற்றுக்கு இரண்டாம் முறையே எழுத ஒன்றும் இருக்காது.