கொடைக்கானல் பாதரசமும் இருபது மில்லிகிராம் கணக்கும்

மாசுபட்ட நிலங்களில் மண் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது என் தொழில். மூடிக் கிடக்கும் ஓர் ஆலை வளாகத்தைத் தூய்மைப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன் சுற்றியுள்ள மக்கள் நிம்மதி அடைவார்கள் என்றுதான் இத்தொழிலுக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன். ஆனால் இத்தனை நாள் அடங்கிக் கிடந்த நஞ்சைக் கிளறப் போகிறார்களே என்ற அச்சம் அப்போதுதான் தொடங்குகிறது. அதை அறியாமை என்று ஒதுக்கும் சக பொறியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதைக் கொடைக்கானலை வைத்துச் சொல்ல முயல்கிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிவந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் சாலைக்கு இடம்பெயர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திய அந்த ஆலை பின்னர் யூனிலீவர் குழுமத்தின் இந்துஸ்தான் லீவர் வசமானது. மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அம்பலப்படுத்திய பிறகு ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் 2016-ல் உடன்பாடு செய்துகொண்டது. அதன் பிறகும் ஆலை வளாகத்து மண் தீராத வழக்காகவே கிடந்தது.

அந்த மண்ணைக் கழுவி, பாதரசம் மிகுந்த பகுதியைத் தனியே பிரித்து, காற்று நீக்கப்பட்ட கலனில் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பாதரசத்தை மீட்பது நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த வழிமுறை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் எஞ்சக் கூடாது என்பது இலக்கு. இந்த எண்ணைக் கேட்கும் எவருக்கும் அது பெரிதா சிறிதா என்று சட்டென்று விளங்காது. ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டரில் அதிகம் போனால் ஒரு கிராம் அளவுக்குப் பாதரசம் இருக்கும். அந்த ஒரு கிராம், ஒரு சிமென்ட் மூட்டையின் எடையான 50 கிலோ மண்ணில் கலந்தாலே 20 மில்லிகிராம் என்ற எல்லையைத் தொட்டுவிடும்.

பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம்தானே, இங்கு மட்டும் ஏன் இருபது என்பது மக்கள் தரப்பு கேட்டுவந்த கேள்வி. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி மதிப்புகளில், குடியிருப்பு நிலத்தில் தனிம நிலையில் உள்ள, ஆவியாகக்கூடிய பாதரசத்துக்கு 1 மில்லிகிராமும், உப்பாக மாறிவிட்ட கனிமப் பாதரசத்துக்கு 170 மில்லிகிராமும் தரப்பட்டுள்ளன. நிறுவனங்களின் வல்லுநர்களுக்கு 170 நினைவில் நிற்கிறது, போராடுபவர்களுக்கு ஒன்று நினைவில் நிற்கிறது. இரண்டுமே வீடு கட்டி வாழும் மனிதர் அந்த மண்ணிலிருந்து எவ்வளவு சுவாசிப்பார், எவ்வளவு விழுங்குவார் என்று போட்ட கணக்குகள். மண் இருக்கும் இடத்திலேயே இருக்கும் என்ற அனுமானம் இரண்டின் அடியிலும் உள்ளது.

கொடைக்கானல் ஆலையோ மலைமுகட்டில் இருக்கிறது. அதன் கீழே பாம்பார் சோலைக்காடு சரிகிறது. பாம்பாறு இறங்கிப் பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. பாதரசம் மண்ணில் சீராகப் பரவி நிற்பதில்லை, களிமண்ணின் நுண்துகள்களிலும் மட்கிய தழையிலுமே அதிகம் ஒட்டிக்கொள்கிறது. மழைநீர் முதலில் அரித்துச் செல்வதும் அதே நுண்துகள்களைத்தான். ஆகவே வளாகத்து மண்ணின் அளவைவிட ஓடையில் சேரும் வண்டலின் அளவு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. நீருக்கடியில் உயிர்வளி குறைந்த சேற்றில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றினால், மீன் வழியாக உணவுத் தட்டுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டாவில் நரம்பு மண்டலத்தைச் சிதைத்ததும் அந்த வடிவம்தான். எனவே இந்த இடத்தில் 20 சரியா, 1 சரியா என்பதற்கு முன்பே, கழுவி நிரப்பிய மண் எந்தச் சரிவில், எந்த ஓடையின் தலைமாட்டில் இருக்கும் என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தப் பாடத்தை நான் வேறோர் ஊரில், மூடப்பட்ட ஒரு சிறு ஆலையில் கற்றேன். மதில் சுவருக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்து மாதிரி எடுத்து, சராசரி வரம்புக்குள் இருக்கிறது என்று கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, "தம்பி, மதில் எழுப்பினப்ப மழைத்தண்ணி போற வாய்க்காலத் திருப்பி எங்க பக்கம் விட்டுட்டாங்க. அங்க ஒரு குழியாவது தோண்டுனீங்களா?" என்றார். தோண்டவில்லை. பிறகு தோண்டியபோது, வளாகத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லாத அளவு அந்த வாய்க்காலின் சேற்றில் இருந்தது. சராசரி என்ற சொல்லை அன்றிலிருந்து கூட்டங்களில் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துகிறேன்.

இலக்கைக் கடுமையாக்கினால் தோண்டும் ஆழமும் பரப்பும் கூடும், மரங்கள் போகும், வேர் பிடித்த சரிவு குலையும் என்று மறுதரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதற்காக எண்ணைத் தளர்த்திவிட்டு நகர்ந்துவிடுவதை ஏற்க முடியாது. மரங்களுள்ள சரிவுகளில் சிறிது சிறிதாகத் தோண்டி, மழைக்காலத்தில் பணியை நிறுத்தி, வண்டல் தடுப்புகளைத் தொடர்ந்து தூர்வார வேண்டும். செலவு கூடும், காலமும் நீளும். காலத்தை இழுப்பது ஒன்றும் நமக்குப் புதிதல்ல: ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு, எவரும் அவசரப்படாமலேயே பல பத்தாண்டுகள் திறந்தவெளியில் மழையில் நனைந்தது.

இப்படியொரு பணி உங்கள் ஊரில் தொடங்கினால், சுருக்க அறிக்கையோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு மாதிரிக் குழியின் இடம், ஆழம், ஆய்வக அளவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். தோண்டும் தொழிலாளர்களின் சிறுநீரில் பாதரச அளவு பணிக்கு முன்னும் பின்னும் பார்க்கப்படுகிறதா, அவர்கள் வேலை உடுப்பை அங்கேயே கழற்றிவிட்டு வீடு திரும்புகிறார்களா என்றும் கேளுங்கள். பணி முடிந்ததாகச் சான்று தரப்பட்ட பிறகு வரும் முதல் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், வளாகத்துக்கு வெளியே, ஓடை வளைந்து சேறு தங்கும் இடத்தில் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அந்த இடம் எது என்று அதிகாரிகளை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.