சைனஸுக்கு எந்தப் படம்?

ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் போன மழைக்காலத்தில் என்னிடம் வந்தார். கையிலிருந்த மஞ்சப்பையில் மூன்று எக்ஸ்ரே படங்கள், எல்லாம் ஒரே வருடத்தில் எடுத்தவை. மூன்று ரிப்போர்ட்டிலும் ஒரே வரிதான்: கன்னத்து சைனஸ் மங்கலாகத் தெரிகிறது. "மாத்திரை சாப்பிட்டா பத்து நாளைக்கு நல்லாருக்குதுங்க டாக்டர், அப்புறம் பழையபடி நாத்தமடிக்குது" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது பக்கம் மட்டும் என்றார்.

மூன்று படங்களும் சொல்லாததை அந்த 'மட்டும்' சொல்லிவிட்டது.

சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. கன்னம், நெற்றி, இரு கண்களுக்கு நடுவே, மூக்குக்கு வெகு பின்னால் என்று நான்கு ஜோடி உண்டு. எக்ஸ்ரே இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நிழலாகக் காட்டும். ஏற்காட்டு மலையில் பனி இறங்கியிருப்பது அடிவாரத்திலிருந்தே தெரியும். எந்தக் கொண்டை ஊசி வளைவில் லாரி மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரியுமா? மங்கலாக இருப்பது சீழா, வீங்கிய சவ்வா, சதை வளர்ச்சியா என்று எக்ஸ்ரே பிரித்துச் சொல்லாது. செலவு குறைவு என்பதால் இன்னும் எழுதித் தருகிறார்கள். நானும் ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்தவன்தான்.

இப்போது முதலில் எண்டோஸ்கோபி பார்த்துவிடுகிறேன். மூக்கை மரத்துப்போக வைத்து, சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது. சில நிமிட வேலை, கதிர்வீச்சு கிடையாது. அவருக்கு இடது பக்கம் சீழ் வழிவது நன்றாகத் தெரிந்தது. ஆனால் எண்டோஸ்கோபி வாசல் வரைதான் போகும். அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க சி.டி. ஸ்கேன் வேண்டும்.

எடுத்தோம். மேல் கடைவாய்ப் பல்லின் வேர்நுனியில் சீழ்ப்பை. அதற்கு நேர்மேலே சைனஸின் தரை எலும்பு அரித்திருந்தது. அந்தப் பல் வேர்கள் சைனஸை ஒட்டியே இருப்பதால், பல் இருக்கும் பக்கம் மட்டும் இப்படி நடக்கும். ஒரு வருடமாக மூக்குக்கு மருந்து, நோயோ பல்லில்! பல் மருத்துவர் வேர் சிகிச்சை செய்த பிறகு நாற்றம் நின்றது.

அதற்காக, சளி பிடித்ததுமே சி.டி. எடுக்க ஓடாதீர்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண சளி பிடித்த 31 பேருக்கு சி.டி. எடுத்தார்கள், 87 சதவீதம் பேருக்குக் கன்னத்து சைனஸில் கோளாறு தெரிந்தது. பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே அது சரியானது. சளியோடு எடுத்தால் யாருக்கும் 'சைனஸ்' இருக்கும், அவ்வளவுதான். தொல்லை 12 வாரம் தாண்டி, மருந்துக்கும் அடங்காவிட்டால் சி.டி. எடுக்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்பு. ஆனால் கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள்.

"எம்.ஆர்.ஐ. எடுத்தா இன்னும் நல்லாத் தெரியுமில்லீங்களா?" என்று பலர் கேட்கிறார்கள். விலை கூடினால் விவரமும் கூடும் என்ற நினைப்பு. எம்.ஆர்.ஐ.யில் மெல்லிய எலும்புகள் சரியாகத் தெரியாது. காய்ந்த பூஞ்சை உருண்டை காற்றைப் போலவே கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றிவிடவும் கூடும். கட்டியா என்ற சந்தேகம் வந்தாலோ, நோய் கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்கும் என்று தோன்றினாலோதான் அது கைகொடுக்கும். 2021இல் கறுப்புப் பூஞ்சை நோயாளிகளுக்கு அதனால்தான் எடுத்தோம்.

எண்டோஸ்கோபியும் சி.டி.யும் சுத்தமாக இருந்து தலைவலி மட்டும் விடவில்லை என்றால், ஒற்றைத் தலைவலியா என்று பார்க்க வேண்டும். சைனஸ் என்று பெயர் வாங்கிக்கொண்டு வரும் தலைவலிகளில் பல அதுதான்.

ஒரு வேண்டுகோள். வரும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவராமல் படத்தையோ, ஸ்கேன் பதிவு செய்து தரும் வட்டத்தட்டையோ சேர்த்து எடுத்து வாருங்கள். அந்த எஸ்டேட்காரரின் சி.டி. ரிப்போர்ட்டிலும் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.