உயிர்க்குறியா, உயிரியற் காட்டியா?

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மம்மா, பேரப்பிள்ளைக்கான சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார். பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போன பிள்ளை. "குழந்தையின் குருதியிலுள்ள உயிர்க்குறிகள் ஆய்வுக்கு உட்படுத்தப்படும்" என்று அதில் எழுதியிருந்தது. "புள்ளைக்கு உசிர் இரிக்கா எண்டா பாக்கப் போறாங்க, மகள்?" என்று கேட்டார். தாளைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

'உயிர்க்குறி' என்ற இதே சொல்லை வேறு துண்டுப்பிரசுரங்களிலும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். அப்படி இருந்தது பிழை.

இதன் ஆங்கில மூலச்சொல் பயோமார்க்கர் (biomarker). 'பயோஸ்' கிரேக்கத்தில் வாழ்வு. 'மார்க்' பழைய ஆங்கிலத்தில் எல்லை, பிறகு அடையாளம். உடலில் நடப்பதை அளந்து அறிய உதவும் பொருள் அல்லது பண்பு என்பதே இன்றைய கருத்து.

இந்தப் பிள்ளைகளில் அளப்பது என்ன? ஒட்சிசனும் இரத்த ஓட்டமும் குறைந்தால் மூளைக் கலங்கள் சிதையும். கலம் என்றால் பாத்திரமும்தானே. உடைந்தால் உள்ளே இருந்தது வெளியே சிந்தும். அப்படிச் சிந்தி இரத்தத்தில் கலக்கும் புரதங்களைத்தான் தேடுகிறார்கள். யூசிஎச்-எல்1 என்ற புரதம் நரம்புக்கலத்திலிருந்து வருவது. ஜிஎப்ஏபி அதைத் தாங்கி நிற்கும் கலங்களிலிருந்து வருவது. எஸ்100பி இன்னொன்று. இவை பெரும்பாலும் இன்னும் ஆய்வு மட்டத்தில்தான் இருக்கின்றன. கொப்பூழ்க்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மையும் பிள்ளையின் நிலையுமே இப்போதும் வைத்தியருக்கு முதல் வழி.

இதில் 'உயிர்' எங்கே வந்தது? உயிர்நாடி, உயிர்மூச்சு, உயிர்ப்பிச்சை என்று எதை எடுத்தாலும், தமிழில் உயிர் என்பது இருப்பதா போவதா என்ற விஷயம். போதாததற்கு நாடி, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றையும் உயிர்க்குறிகள் என்றே எழுதுகிறார்கள். ஒரே விடுதியில், ஒரே பிள்ளைக்கு, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்! அகராதியில் ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டை ஒட்டினால் இப்படித்தான் வரும். எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தால்கூடத் தெரிந்திருக்கும்.

'உயிரிக்குறிப்பான்' என்பாரும் உண்டு. அது அச்சமூட்டாது, சரி. ஆனால் குறிப்பான் என்றதும் 'அவன் குறிப்பான்' என்ற வினைதான் என் காதில் விழுகிறது. அழிப்பான், தெளிப்பான் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை வேலை செய்யும் கருவிகள். சிந்திய புரதம் எதையும் குறிப்பதில்லை. நடந்த சேதத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே காட்டி. திசைகாட்டி, வழிகாட்டி, கைகாட்டி என்று பழகிய சொல். அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத்தைக் காட்டி என்றுதான் எங்கள் பள்ளிக்கூடத்திலும் படித்தோம். 1998இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய குழு பயோமார்க்கருக்குத் தந்த வரையறையும் அதை ஒரு காட்டியாகவே (indicator) சொல்கிறது. உயிர் என்ற தனிச்சொல்லை விட்டு, உயிரியல் என்ற துறைப்பெயரைச் சேர்த்தால் உயிரியற் காட்டி. குழப்பம் இல்லை.

இது பாடநூலுக்கு. தாய்மார் கையெழுத்து வைக்கும் தாளில் அதுவும் வேண்டாம்; "மூளைக்குச் சேதம் உண்டா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை" என்று எழுதலாம். அந்த அம்மம்மாவுக்கு அப்படித்தான் சொன்னேன். இரண்டாம் முறை சொல்ல வேண்டி வரவில்லை.